நோயை மோப்பம் பிடிக்கும் நாய்கள்: வேலூர்ப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கங்களிலிருந்து நாய்க்குத் தடுப்பூசி போட வருகிறவர்கள், கால்நடை மருத்துவன் என்ற முறையில் என்னிடம் கேட்கும் கேள்விகளே இவை. கைப்பேசியில் வந்த ஏதாவது ஒரு காணொளியில் பேச்சு தொடங்கும், "நம்ம ஊருக்கு இது எப்ப சார் வரும்?" என்பதில் முடியும். பெரிய மருத்துவமனைகளின் நிழலில் வாழும் ஊர் என்பதால் இங்கே இந்த ஆர்வம் இயல்பானதுதான். ஒவ்வொருவரிடமும் நின்றபடி சொன்ன பதில்களைச் சற்று விரித்து இங்கே எழுதியிருக்கிறேன்.

மனிதரின் நோயை நாய் மோப்பத்தால் கண்டுபிடிக்கும் என்பது உண்மையா, வாட்ஸ்அப் கதையா?

உண்மைதான். பயிற்சி பெற்ற நாய்கள், நோயுள்ளவர்களின் சிறுநீர், மூச்சு, வியர்வை போன்ற மாதிரிகளை நோயற்றவர்களின் மாதிரிகளிலிருந்து, தற்செயலாக நேர்ந்தது என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்குச் சரியாகப் பிரித்துக் காட்டியிருக்கின்றன. இங்கிலாந்து, பிரான்சு, ஜப்பான், ஜெர்மனி எனப் பல நாடுகளின் ஆய்வுகள் மருத்துவ இதழ்களில் வெளிவந்துள்ளன. ஆனால் ஏழு குப்பிகளில் ஒன்றை நாய் சரியாகத் தேர்ந்தெடுப்பது வேறு. நம் முன் நிற்கும் ஒருவருக்கு நோய் இருக்கிறது என்று சொல்வது வேறு. காணொளிகள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. கீழே வரும் பதில்களில் பாதி இந்த இடைவெளியைப் பற்றியவையே.

நோய்க்கு வாசனை உண்டா? நாய் எதைத்தான் முகர்கிறது?

உடலின் செல்கள் இயங்கும்போதும் சிதையும்போதும் எளிதில் ஆவியாகக்கூடிய கரிமச் சேர்மங்கள் உண்டாகி, இரத்தத்தில் கலந்து, மூச்சு, வியர்வை, சிறுநீர், மலம், தோலின் எண்ணெய்ப்பசை ஆகியவற்றின் வழியாக வெளியேறுகின்றன. புற்றுக்கட்டியின் செல்கள் இயல்பான செல்களைப்போல இயங்குவதில்லை என்பதால் அவை வெளியிடும் சேர்மங்களின் அளவும் விகிதமும் மாறுகின்றன. தொற்றுநோயில் கிருமி வெளியிடும் பொருள்களும், அக்கிருமியை உடல் எதிர்க்கும்போது உண்டாகும் பொருள்களும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. எனவே நாய் பிடிப்பது ஒரு தனிப் பொருளின் மணத்தை அல்ல, பல பொருள்கள் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்த கலவையின் மணத்தை என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதில் மாயம் எதுவும் இல்லை. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி, கீட்டோன் பெருகிய நோயாளியின் மூச்சில் அழுகிய பழத்தின் வாடை வீசுவதை அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் செவிலியர் எவரும் அறிவார். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்விலும், சிறுநீரைப் பார்க்கும் நீர்க்குறியில் நிறம், எடை, நுரை, எஞ்சல் ஆகியவற்றோடு மணமும் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. நம் மூக்குக்கு எட்டாத நுண்ணிய அளவிலும் இதே வேலை நடக்கிறது என்பதுதான் நாய் விஷயத்தில் புதிது.

நாயின் மூக்கில் அப்படி என்ன இருக்கிறது?

மணத்தை உணரும் செல்கள் மனிதரின் மூக்கில் ஏறத்தாழ 50 லட்சம் இருக்கின்றன என்றால், நாயின் மூக்கில் 20 கோடிக்கும் மேல் இருக்கின்றன. எண்ணிக்கையைவிட எனக்கு வியப்பாக இருப்பது மூக்கின் அமைப்பு. நாம் மூச்சை விடும்போது உள்ளே இழுத்த வாசனையையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுகிறோம். நாய்க்கோ நாசித் துளையின் பக்கவாட்டில் ஒரு வெட்டுப்போன்ற பிளவு இருக்கிறது. வெளிவிடும் காற்று அதன் வழியாகப் பின்னோக்கிப் பக்கங்களில் போய்விடுவதால், எதிரே உள்ள வாசனை கலையாமல் அடுத்த மூச்சுக்குக் கிடைக்கிறது. கோடையில் எங்கள் மருத்துவமனை வாசலின் செம்மண் புழுதியில் நாய் எதையாவது முகரும்போது குனிந்து பாருங்கள்: மூக்குக்கு நேர் எதிரே உள்ள மண் அசையாமல் கிடக்க, இரு பக்கங்களிலும் சின்னச் சின்னப் புழுதிச் சுழிகள் பின்பக்கமாக எழும். வினாடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை இது நடக்கிறது.

இது எப்போது மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது?

1989இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இங்கிலாந்தின் மருத்துவர்கள் இருவர் எழுதிய ஒரு சிறு கடிதமே தொடக்கம் எனலாம். ஒரு பெண்ணின் காலில் இருந்த மச்சத்தை அவர் வளர்த்த நாய் ஓயாமல் முகர்ந்து கொண்டிருந்தது. உடலின் மற்ற மச்சங்களை அது சீண்டவே இல்லை. ஒருமுறை அந்த ஒன்றைக் கடித்தெடுக்கவும் முயன்றது. பரிசோதித்தபோது அது மெலனோமா என்னும் கொடிய தோல் புற்று என்று தெரிந்தது.

முறைப்படி நடந்த சோதனை 2004இல் வந்தது. இங்கிலாந்தின் ஆமர்ஷாம் மருத்துவமனையைச் சேர்ந்த குழுவினர் ஆறு நாய்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் வாசனையைப் பழக்கி, ஒவ்வொரு முறையும் ஏழு சிறுநீர் மாதிரிகளை வைத்தார்கள். அவற்றில் ஒன்று மட்டுமே நோயாளியுடையது. 54 தேர்வுகளில் 22 சரியாக இருந்தன, அதாவது 41 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்திருந்தால் 14 சதவீதம்தான் கிடைத்திருக்கும். அந்த ஆய்வில் இன்னொன்றும் நடந்தது. நோயற்றவர் என்று கருதி வைத்த ஒருவரின் மாதிரியை நாய்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக் காட்டவே, அவரை மீண்டும் பரிசோதித்தார்கள்; சிறுநீரகத்தில் புற்றுநோய் இருந்தது. காணொளிகள் இதை மட்டும் சொல்லும். 54இல் 32 தேர்வுகள் தவறிப்போனதைச் சொல்வதில்லை.

எந்தெந்த நோய்களில் நல்ல முடிவுகள் வந்துள்ளன?

புற்றுநோயில்தான் அதிக ஆய்வுகள் நடந்துள்ளன. 2011இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழு, மரீன் என்ற லாப்ரடார் நாயைக் கொண்டு பெருங்குடல் புற்றுநோயைச் சோதித்தது. ஒன்றில் நோயாளியின் மாதிரியும் நான்கில் மற்றவர்களின் மாதிரியும் உள்ள ஐந்து பெட்டிகளை வைத்து நடத்திய இச்சோதனையில், மூச்சு மாதிரிகளில் 36க்கு 33 முறையும், மல மாதிரிகளில் 38க்கு 37 முறையும் அந்த நாய் சரியாகச் சொன்னது. ஒரே ஒரு நாயின் சாதனை அது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதே ஆண்டு பாரிஸில் பெல்ஜிய மேலினுவா இன நாய் ஒன்று, புரோஸ்டேட் என்னும் ஆண்களின் சுரப்பியில் புற்றுநோய் உள்ள 33 பேரில் 30 பேரின் சிறுநீரைச் சரியாக அடையாளம் காட்டியது.

மலேரியா ஆய்வு எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் அதில் மாதிரி எடுக்க ஊசியே தேவைப்படவில்லை. ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில், பார்வைக்கு நலமாக இருந்த பள்ளிச் சிறுவர்களிடம் நைலான் காலுறைகளைக் கொடுத்து, இரவு முழுவதும் போட்டிருக்கச் செய்து, காலையில் திரும்ப வாங்கினார்கள். இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட 175 மாதிரிகளை அங்கே பழக்கிய நாய்கள் முகர்ந்தன. மலேரியாக் கிருமி உடலில் இருந்தும் காய்ச்சல் இல்லாமல் நடமாடிய சிறுவர்களில் 70 சதவீதத்தினரையும், கிருமி இல்லாதவர்களில் 90 சதவீதத்தினரையும் நாய்கள் சரியாகச் சொல்லின என்று 2019இல் முடிவு வெளியானது. காய்ச்சல் இல்லாதவரை யாரும் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வருவதில்லை, அவரிடமிருந்தே கொசு கிருமியை எடுத்துச் செல்கிறது என்பதால், எல்லைகளிலும் துறைமுகங்களிலும் இம்முறை பயன்படலாம் என்பது ஆய்வாளர்களின் எண்ணம்.

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயில் கதை ஒரு மனித மூக்கிலிருந்து தொடங்கியது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜாய் மில்ன் என்ற செவிலியர், தம் கணவரின் உடல் வாடை மாறியதை நோய் கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உணர்ந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அவரிடம் நோயாளிகளும் மற்றவர்களும் அணிந்த 12 சட்டைகளைக் கொடுத்தபோது, ஒரேயொரு சட்டையைத்தான் தவறாகச் சொன்னார் என்று நினைத்தார்கள். நோயற்றவர் என்று கருதப்பட்ட அந்தச் சட்டைக்காரருக்கும் சில மாதங்களில் பார்க்கின்சன் இருப்பது தெரியவந்தது. 2025இல் வெளிவந்த ஆய்வில், தோலின் எண்ணெய்ப்பசையைத் துடைத்தெடுத்த பஞ்சை முகர்ந்து, இரண்டு நாய்கள் முறையே 70, 80 சதவீத நோயாளிகளை இனங்கண்டன.

கோவிட் காலத்தில் ஹெல்சிங்கி விமான நிலையத்தில் பயணிகளின் தோலைத் துடைத்த துணியை நாய்கள் முகர்ந்ததைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மருத்துவமனைக்குள் பரவும் ஒருவகைக் கடுமையான வயிற்றுப்போக்குக் கிருமியை நோயாளிகளின் கட்டில்களுக்கிடையே நடந்தே கண்டுபிடித்த கிளிஃப் என்ற பீகிள் நாயைப் பற்றி 2012இல் நெதர்லாந்து மருத்துவர்கள் எழுதினார்கள்.

நாய்க்கு எப்படிப் பயிற்சி தருகிறார்கள்?

காவல்துறையின் மோப்ப நாய்க்கு வெடிமருந்தைப் பழக்குவதும் இதுவும் அடிப்படையில் ஒன்றே. நாய்க்குப் பிடித்த தின்பண்டம் அல்லது பந்து, அதனோடு இணைக்கப்பட்ட ஒரு வாசனை. வட்டமாகவோ வரிசையாகவோ நிறுத்திய தாங்கிகளில், நாயின் மூக்கு உயரத்தில் மாதிரிகள் வைக்கப்படும். நாய் ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே போகும். சரியான மாதிரியின் முன் உட்கார்ந்தாலோ அசையாமல் நின்றாலோ 'டக்' என்று ஓர் ஒலி, உடனே பரிசு. தவறினால் அடியோ அதட்டலோ கிடையாது. பரிசு இல்லை, அவ்வளவுதான். பயந்த நாய் பயிற்சியாளரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும் என்பதால் அடிப்பது இரக்கமற்றது மட்டுமல்ல, வேலைக்கும் கேடு.

கடினமான பகுதி நாயிடம் இல்லை, மனிதரிடம் இருக்கிறது. எந்தத் தாங்கியில் நோயாளியின் மாதிரி இருக்கிறது என்று பயிற்சியாளருக்குத் தெரிந்திருந்தால், அவருடைய தோளின் அசைவும் மூச்சின் நிறுத்தமும் நாய்க்குப் போதும். அதனால், நாயுடன் நிற்பவருக்கும் முடிவைக் குறிப்பவருக்கும் விடை தெரியாத வகையில் சோதனை நடக்க வேண்டும். அடுத்த சிக்கல் நினைவாற்றல். நோயாளிகள் இருபது பேரின் மாதிரிகளையே மாற்றி மாற்றி வைத்தால், நாய் புற்றுநோயின் பொது வாசனையைக் கற்காமல் அந்த இருபது பேரின் தனி வாசனைகளை மனப்பாடம் செய்துவிடும். 2014இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில், பயிற்சியில் நன்றாகச் செய்த நாய்கள், இதுவரை முகராத புதியவர்களின் மாதிரிகளை வைத்தபோது தோற்றுப்போயின. மனப்பாடம்தான் காரணம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். இவர்களைப் பாராட்ட வேண்டும். தோல்வியை வெளியிடுகிறவர்கள் குறைவு.

மூன்றாவது சிக்கல் மாதிரிகளில் உள்ளது. நோயாளிகளின் மாதிரி மருத்துவமனையிலும் மற்றவர்களின் மாதிரி வீட்டிலும் எடுக்கப்பட்டால், நாய் கிருமிநாசினியின் வாடையைக் கற்றுக்கொண்டு எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடும்.

இந்தியாவில் யாராவது செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள், அதிலும் நம் தமிழ்நாட்டு இனத்தைக் கொண்டு. மீரட்டில் உள்ள இராணுவக் கால்நடைப் படைப்பிரிவின் மையம், வியர்வை, சிறுநீர் மாதிரிகளிலிருந்து கோவிட் தொற்றைக் கண்டறிய நாய்களைப் பழக்கி, 2021 பிப்ரவரியில் டெல்லியில் செய்தியாளர்களுக்குச் செய்து காட்டியது. காஸ்பர் என்ற காக்கர் ஸ்பேனியலோடு அதில் இருந்த ஜெயா, மணி இரண்டும் சிப்பிப்பாறை நாய்கள். வேட்டைக்கு ஓடும் இனம் என்று மட்டுமே நாம் நினைத்திருந்த நாய் மாதிரிகளின் முன் பொறுமையாக நின்று முகர்ந்தது பலருக்கு வியப்பாக இருந்தது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அப்படியானால் எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறையை நாங்களே பழக்கலாமா?

மஞ்சள் கிழங்கையோ கிராம்பையோ ஒளித்துவைத்துத் தேடப் பழக்குங்கள். நாய்க்கு அது நல்ல விளையாட்டு. நோயைத் தேடப் பழக்க, மருத்துவ முறையில் உறுதிசெய்யப்பட்ட ஏராளமான புதிய மாதிரிகள் வேண்டும். அவை வீட்டில் கிடையாது. இனத்தைப் பொறுத்தவரை, மூக்கைவிட மனப்பாங்குதான் முக்கியம். சலிக்காமல் தேடுவதும் பரிசுக்காகத் துடிப்பதும் உள்ள நாயே தேறும். லாப்ரடாரையும் ஸ்பேனியலையும் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது இதனால்தான். தெருவில் பிறந்த நாட்டு நாய்க்கும் இந்தக் குணம் இருக்கலாம்.

வேலூர் வெயிலிலும் தோல் தொழிற்சாலை நாற்றத்திலும் நாயின் மூக்கு வேலை செய்யுமா?

நல்ல கேள்வி, ராணிப்பேட்டை நண்பர் ஒருவர் கேட்டது. இதில் வெயில்தான் பெரிய தடை. நாய்க்கு உடல் முழுவதும் வியர்க்காது. வாயைத் திறந்து இரைப்பதே அது உடற்சூட்டைத் தணிக்கும் வழி. இரைக்கும் நாயால் ஒழுங்காக முகர முடியாது, ஏனென்றால் காற்று மூக்கை விட்டு வாய் வழியாகப் போகிறது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், அக்கினி நட்சத்திர நாட்களில் திறந்த வெளியில் ஆட்களை வரிசையில் நிறுத்தி நாயை நடத்துவது வீண்வேலை. காட்பாடி சந்திப்பில் இறங்கும் வெளிமாநில நோயாளிகளை நடைமேடையிலேயே நாய் பார்த்துவிடும் என்று கற்பனை செய்கிறவர்களுக்கும் இதே பதில். குளிரூட்டிய அறை, குறுகிய நேர வேலை, இடையிடையே தண்ணீரும் ஓய்வும் இருந்தால் முடியும்.

நாற்றம் அவ்வளவு பெரிய சிக்கல் அல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பதனிடும் பகுதிகளின் காற்று நம்மைத் திணறடித்தாலும், எப்போதும் மாறாமல் இருக்கும் பின்னணி வாசனையை நாய் ஒதுக்கிவிட்டு வேலை செய்யும். ஆனால் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்பவரின் தோலிலும் சட்டையிலும் அந்த வாடை ஊறியிருக்கும். நோயாளிகள் எல்லோரும் தோல் தொழிலாளர்களாகவும் மற்றவர்கள் வேறு தொழிலினராகவும் அமைந்துவிட்டால், மேலே சொன்ன கிருமிநாசினிக் கதைதான். இங்கே ஆய்வு செய்ய விரும்புகிறவர்கள் மாதிரி எடுக்கும்போதே இதைக் கவனிக்க வேண்டும்.

நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்கிறது என்றால், மருத்துவமனைகள் ஏன் நாயை வைத்துக்கொள்வதில்லை?

எல்லாக் கேள்விகளிலும் இதற்கே நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அணைக்கட்டுப் பக்கம் 1,000 பேர் வசிக்கும் ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 10 பேருக்குக் குறிப்பிட்ட ஒரு நோய் இருப்பதாகவும், நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரை நாய் சரியாகக் காட்டுவதாகவும், நோயற்றவர்களில் 90 சதவீதத்தினரை அது சரியாக விட்டுவிடுவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். நோயுள்ள 10 பேரில் 9 பேரின் முன் நாய் உட்காரும். நோயற்ற 990 பேரில் பத்தில் ஒரு பங்கினர், அதாவது 99 பேர் முன்னும் அது உட்காரும். ஆக மொத்தம் 108 பேரின் முன் உட்கார்ந்த நாய், 9 பேர் விஷயத்தில்தான் சரி.

மீதி 99 பேரையும் நினைத்துப் பாருங்கள். ஊர் நடுவே, உறவினர்கள் பார்த்திருக்க, புற்றுநோய் நாய் ஒருவர் முன் உட்கார்ந்துவிட்டது என்றால், மருத்துவமனைக்குப் போய் ஒன்றுமில்லை என்று சீட்டு வாங்கி வந்தாலும் அந்தப் பேச்சு ஓயாது. பெண் பார்க்க வருகிற வீட்டார் காதுவரை போகும். தவறவிட்ட அந்த ஒருவரோ, நாயே ஒன்றும் சொல்லவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடுவார். இதனால்தான் நாய் ஆட்களை நேராக முகர்வதைவிட, பெயரில்லாமல் எண் மட்டும் இட்ட மாதிரிகளை வேறோர் அறையில் முகர்வதே சரியான முறை.

இதை வைத்து நாயால் பயனில்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 1,000 பேரையும் விலையுயர்ந்த பரிசோதனைக்கு அனுப்புவதற்குப் பதில் 108 பேரை அனுப்பினால் போதும் என்றால் அது பெரிய சேமிப்பு. சல்லடைபோல அது முதல் கட்டத்தில் பயன்படும். ஆனால் சலித்து வந்த 108 பேரையும் மறுநாளே பரிசோதிக்க இயந்திரமும் ஆளும் தயாராக இருந்தால்தான் அந்தச் சேமிப்பு கைக்கு வரும். இல்லையேல் நாய் செய்தது 108 குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுத்ததுதான்.

இதோடு நாய் களைப்படையும், சில நாள் மனம் ஒட்டாது, ஒரு நாய்க்கு வருவது இன்னொன்றுக்கு வராது. ஆய்வகக் கருவிபோல எல்லா நாயையும் ஒரே அளவுக்குச் சரிசெய்து வைக்க முடியாது.

வேலூரில் எந்த மருத்துவமனையிலாவது இந்தப் பரிசோதனை செய்கிறார்களா?

இல்லை. இந்தியாவில் எங்குமே இது வழக்கமான மருத்துவச் சேவையாக இல்லை. ஆய்வாகவும் முன்னோட்டமாகவும் மட்டுமே நடக்கிறது. நாயை வைத்துப் புற்றுநோயை உறுதிசெய்து தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எங்கள் நாய் என் உடம்பில் ஒரே இடத்தை முகர்ந்துகொண்டே இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டாம், அந்த இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். புதிதாக வந்த கட்டி, நிறமோ வடிவமோ மாறும் மச்சம், ஆறாத புண் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இவை எதுவும் நாய் முகராவிட்டாலும் காட்ட வேண்டியவையே. ஒன்றும் தென்படாவிட்டால், பூசிய தைலமும் வியர்வையும் கூட நாயை இழுக்கும் என்று விட்டுவிடலாம்.

குடியாத்தம் பக்கத்து விவசாயி ஒருவர், இரவெல்லாம் தன் வலது பாதத்தையே நாய் நக்குகிறது, நாய்க்குப் பூச்சிமருந்து வேண்டும் என்று கேட்டு வந்தார். "நாய்க்கு இல்ல, உங்க காலைக் காட்டுங்க" என்றேன். பெருவிரலின் அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் குழிப்புண். ஓரமெல்லாம் தடித்து வெளுத்திருந்தது, நடுவில் சீழ். பல ஆண்டுச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போனதால் அவருக்கு வலியே தெரியவில்லை. நாய் அங்கே முகர்ந்தது சீழைத்தான்; வீட்டில் யாராவது ஒருவர் அந்தப் பாதத்தைத் திருப்பிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதங்களைப் பல பத்தாண்டுகளாகப் பேணிவரும் கரிகிரி மருத்துவமனை அருகிலேயே இருக்கும் மாவட்டம் இது. சர்க்கரை உள்ளவர்கள் தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திறந்த புண்ணை நாய் நக்க விடாதீர்கள். வெறிநாய்க்கடி நோயைப் பொறுத்தவரை, காயத்தில் படும் எச்சில் கடிக்குச் சமமான ஆபத்தாகவே கணக்கிடப்படுகிறது. தடுப்பூசி போடாத நாய் நக்கியிருந்தால் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கான ஊசி இலவசம்.

சர்க்கரை குறைவதையும் வலிப்பையும் நாய் முன்கூட்டியே சொல்லும் என்கிறார்களே?

சர்க்கரை திடீரெனக் குறையும்போது மூச்சில் ஐசோபிரீன் என்ற வாயு கூடுவதை 2016இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் கண்டார்கள். நாய் அதை உணரக்கூடும். ஆனால் இந்த நாய்களின் துல்லியம் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகிறது. வலிப்பைப் பொறுத்தவரை, வலிப்பின்போது எடுத்த மூச்சு, வியர்வை மாதிரிகளை நாய்கள் பிரித்துக் காட்டியதாக 2019இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்களின் ஓர் ஆய்வு வந்தது. பங்குகொண்டவை ஐந்தே நாய்கள். இன்சுலின் போடுகிறவர் நாயை நம்பிக் குளுக்கோமீட்டரை ஒதுக்கக் கூடாது.

இந்த வேலையால் நாய்க்கு நோய் தொற்றாதா?

புற்றுநோய் தொற்றாது, மனித மலேரியாவும் நாய்க்கு வராது. கோவிட் நாய்க்குத் தொற்றக்கூடும், பெரும்பாலும் இலேசாக. மனிதரிடமிருந்து காசநோய் அரிதாக நாய்க்கு வருவதுண்டு. கவனமாக நடத்தும் இடங்களில் கிருமியை முதலில் செயலிழக்கச் செய்கிறார்கள், அல்லது மூக்கு படாதபடி துளையிட்ட மூடிக்குள் மாதிரியை வைக்கிறார்கள்.

காசநோய்க்கு எலியைப் பழக்கியதாகக் கேள்விப்பட்டோமே?

ஆம். தான்சானியாவின் மொரோகோரோ நகரில் 'அப்போப்போ' என்ற அமைப்பு, பூனை அளவுக்கு வளரும் ஆப்பிரிக்கப் பை எலிகளைக் கொண்டு, மருத்துவமனைகளில் நோயில்லை என்று முடிவான சளி மாதிரிகளை மறுபடி சோதிக்கிறது. சளியைச் சூடாக்கிக் கிருமியைக் கொன்ற பிறகே எலியிடம் தருகிறார்கள். சுமார் 20 நிமிடத்தில் 100 மாதிரிகளை எலி முகர்ந்துவிடும். அது சுட்டிக்காட்டியவற்றை ஆய்வகம் மீண்டும் உறுதிசெய்த பிறகே நோயாளிக்குச் சொல்லப்படுகிறது. நாயைப் பற்றிப் பேசுகிறவர்கள் பார்க்க வேண்டியது இந்த ஏற்பாட்டைத்தான்: விலங்கு சந்தேகத்தை எழுப்புகிறது, ஆய்வகம் தீர்க்கிறது. நம் ஊரில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசமாகவே கிடைக்கிறது.

நாயின் வேலையை இயந்திரம் செய்துவிடுமா?

பல நோய்களில் அதுவே இறுதி நோக்கம். ஜாய் மில்னின் மூக்கு காட்டிய வழியில் மான்செஸ்டர் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் தோலின் எண்ணெய்ப்பசையைப் பகுத்து, பார்க்கின்சனுக்கான பரிசோதனை ஒன்றை உருவாக்கி வருகிறார்கள். எங்கே தேட வேண்டும் என்று மூக்கு சொன்னது. என்ன இருக்கிறது என்று இயந்திரம் சொல்கிறது.

ராணிப்பேட்டையில் இப்படியொரு மையம் தொடங்க எங்கள் இளைஞர் குழு விரும்புகிறது. எங்கிருந்து தொடங்குவது?

நாய்க்குட்டி வாங்குவதிலிருந்து அல்ல. முதலில் ஒரு மருத்துவமனையின் ஒப்புதல் வேண்டும், ஏனென்றால் உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளின் மாதிரி அங்கிருந்துதான் வர வேண்டும். மனித மாதிரிகளைக் கொண்டு செய்யும் எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும், மாதிரி தருகிறவரின் எழுத்துப்பூர்வ இசைவும் தேவை. பிறகு புள்ளியியல் அறிந்த ஒருவர், மாதிரிகளை மறைத்து எண்ணிட ஒருவர், நாயைக் கையாளப் பழகிய ஒருவர். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. இடிபாடுகளில் ஆளைத் தேடும் நாய்களோடு வேலை செய்து ஓய்வு பெற்றவர் யாராவது கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

எந்த நோய் என்று கேட்டால், வாய்ப் புற்றைச் சொல்வேன். புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கம் நம் பக்கம் அதிகம். மூச்சு மாதிரியை முகக்கவசத்திலேயே எடுத்துவிடலாம். நாய் சொன்னது சரியா என்பதை வாயைத் திறந்து பார்த்தும் சிறு சதைத்துணுக்கை எடுத்தும் உறுதிசெய்யலாம். 2023இல் அரசு முன்னோட்டமாகத் தொடங்கிய சமுதாயப் புற்றுநோய்க் கண்டறிதல் திட்டத்தில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் இடம்பெற்றிருந்தன. வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றுக்கும் அதில் பரிசோதனை உண்டு. அந்தச் சுகாதாரப் பணியாளர்களோடு பேசி, பரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுகிறவர்கள் யார், ஏன் என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாயால் அவர்களை வரவழைக்க முடியுமா என்பது அப்போது தெரியும்.